உட்காராதவர்கள்

“நிக்கிறா பாரு, கொடிக்கம்பம் மாதிரி!”

பக்கத்து மேஜைக்காரியிடம் முணுமுணுத்தாள் பெரியக்கா. ஆபீஸில் எல்லோருக்கும் மூத்தவள் என்பதால் அந்தப் பெயர்.

வாஷிங் மெஷின் கம்பெனியின் புகார்ப் பிரிவு அது. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஊரார் வீட்டு அழுக்குத் துணிச் சங்கதிகளைக் கேட்க வேண்டும். அதை உட்கார்ந்தே கேட்கலாம். பத்து வருஷமாகப் பெரியக்கா அப்படித்தான் கேட்டாள்.

பிரசவ லீவு முடிந்து வந்த இளையவளோ, வந்த நாளிலிருந்து நின்றுகொண்டே பேசினாள்.

மேனேஜர் உருகிவிட்டார். “பச்சை உடம்போட வந்து எப்படி உழைக்குது பாருங்க! சூப்பர்வைசர் போஸ்ட்டுக்கு இப்படி ஒருத்தர்தான் வேணும்.”

அந்த போஸ்ட்டுக்காகத்தான் பெரியக்கா இத்தனை காலமும் காத்திருந்தாள். வயிறு எரிந்தது. மறுநாள் தன் நாற்காலியை ஓரமாகத் தள்ளிவிட்டு அவளும் நின்றாள்.

“என்னக்கா, நாற்காலியில ஆணி கீணி இருக்கா?” என்றாள் பக்கத்து மேஜைக்காரி.

“போடி, நின்னா குரல் நல்லா வருது.”

குரல் வந்ததோ இல்லையோ, ஒரு வாரத்தில் கெண்டைக்கால் கல்லாகிவிட்டது. இளையவள் மட்டும் அசையவில்லை. மதியச் சாப்பாட்டைக்கூட ஜன்னல் விளிம்பில் டப்பாவை வைத்து நின்றபடியே சாப்பிட்டாள்.

அன்று சாப்பாட்டு அறையில் வேறு யாரும் இல்லை.

“இங்கேதான் மேனேஜர் இல்லையே. யாருக்காக இந்த நடிப்பு?” என்றாள் பெரியக்கா.

இளையவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

“உட்கார முடிஞ்சா உட்கார மாட்டேனாக்கா? மாசமா இருக்கும்போதே மூலம். பிரசவத்துல முக்கி முக்கி வெளியே தள்ளிடுச்சு. பாத்ரூம் போனா ரத்தம். உட்கார்ந்தா உயிர் போகுது.”

“டாக்டர்கிட்ட காட்டினியா?”

“எப்படிக்கா போய்க் காட்டறது? வீட்டுக்காரருக்கே தெரியாது. இங்கே யாருக்காவது தெரிஞ்சா அப்புறம் இந்தப் பக்கமே வர மாட்டேன்.”

பெரியக்கா டப்பாவை மூடினாள். மேனேஜர் மெச்சிய கடமையுணர்ச்சிக்கு வைத்திய நூல்களில் வேறு பெயர்! ஒரு வார்த்தை போதும், போஸ்ட் தன்னுடையது.

சந்தர்ப்பமும் அன்றே வந்தது. ஒருவர் நின்றால் உழைப்பு. இருவர் நின்றால் போராட்டம். மேனேஜருக்கு அந்தக் கவலை பிடித்துக்கொண்டது.

“நாளைக்கு ஹெட் ஆபீஸ்லேருந்து வர்றாங்க. ஆபீஸா, பஸ் ஸ்டாப்பான்னு கேட்க மாட்டாங்களா? காரணம் இருந்தா சொல்லுங்க, இல்லேன்னா உட்காருங்க!” இளையவளிடம் திரும்பினார். “நீதானேம்மா ஆரம்பிச்சு வெச்சே?”

அவள் முகம் வெளுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நாற்காலியை இழுத்தாள்.

“இருங்க சார், காரணத்தை நான் சொல்றேன்.” பெரியக்கா ஹெட்போனைக் கழற்றினாள். ஆபீஸே திரும்பிப் பார்த்தது. இளையவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

“எனக்கு மூலம் சார். உட்கார முடியலை. தனியா நிக்க வெட்கமா இருந்துது. அதான் பாவம், எனக்காக இவ முதல்ல எழுந்து நின்னா. சாயங்காலம் டாக்டர்கிட்டயும் இவளைத்தான் துணைக்குக் கூட்டிட்டுப் போறேன்.”