ஐந்தாவது அறை

“அரை டிகிரி ஏறினாலும் என் பழரசம் கெட்டுப்போயிடும் அய்யா. அஞ்சாவது அறை மட்டும் தினமும் மூணு மணியிலேருந்து நாலு வரைக்கும் ஒரு டிகிரி ஏறுது. வெந்நீர்க் குழாய் ஏதாவது போகுதா?”

போர்க்காலத்துப் பதுங்கு சுரங்கத்தை, பீப்பாய்களில் பழரசம் புளிக்க வைப்பதற்காகக் குத்தகைக்குக் கேட்டு வந்திருந்தாள் அவள். ஒரு வாரம் அறைக்கு அறை, நேரத்தோடு பதிவுசெய்யும் வெப்பமானியை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பேச உட்கார்ந்தாள்.

“குழாயெல்லாம் இல்லம்மா,” என்றார் சுரங்கத்துக்குச் சொந்தக்காரரான பெரியவர்.

“யாராவது உள்ள போறாங்களா?”

“சாவி என்கிட்டதானே இருக்கு!”

“அப்போ சுவர்லதான் கோளாறு. எனக்கு ஒத்துவராது.” குத்தகைத் தாளை மடித்தாள்.

பெரியவர் சாவியை உள்ளங்கையில் உருட்டினார்.

“நான்தாம்மா போய் உட்காருவேன். குண்டு போட்டப்ப எல்லாரும் இங்கதான் ஒளிஞ்சோம். என் வீட்டுக்காரிய மொதமொதல்ல பாத்தது அந்த அறையிலதான். அவ போய் ஒரு வருஷமாச்சு. இனிமே போகமாட்டேன், கையெழுத்துப் போடும்மா.”

மடித்த தாளை அவள் மெல்லப் பிரித்தாள்.

“போகாம இருந்தா எப்படி? அங்க வைக்கப்போற பீப்பாய்க்குத் தினமும் ஒரு மணி நேரம் சூடு வேணும். ஹீட்டர் வெச்சா ருசி போயிடும். நீங்கதான் வந்து உட்காரணும்னு ஒப்பந்தத்துலயே எழுதிடறேன்.”

“அரை டிகிரிக்கே கெட்டுடும்னியே?”

“அது மத்த பீப்பாய்க்கு.”

“ஞாயித்துக்கிழமையும் வரணுமா?”

“லீவே கிடையாது.”

மறுவாரம் பீப்பாய்கள் வந்து இறங்கின. ஐந்தாவது அறைக்கானதை மட்டும் ஆட்களைத் தொடவிடாமல் அவளே உருட்டிக்கொண்டு போய், பெரியவர் உட்காரும் நாற்காலிக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். வேறு யார் தூக்கினாலும் அது காலி என்று தெரிந்துவிடும்.