மனைவி புலம்பல்

சரமகவியில் 'மனைவி புலம்பல்' என்ற தலைப்பே வேண்டாம் என்று நல்லம்மா சொன்னபோது, தன் காதில் சரியாகத்தான் விழுந்ததா என்று விநாசித்தம்பிக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

பினாங்கில் யாழ்ப்பாணத்தார் வீட்டில் யார் கண்ணை மூடினாலும், அவர்மேல் சரமகவி பாடுவது விநாசித்தம்பிதான். மக்கள் புலம்பல், சகோதரர் புலம்பல் என்று ஒவ்வொருவர் அழுவதுபோலவும் பாடுவார். அதை அச்சடித்து, முப்பத்தோராம் நாள் நடக்கும் அந்தியேட்டிச் சடங்குக்கு வருகிறவர்களுக்குக் கொடுப்பார்கள். இப்போது இறந்துபோன நல்லம்மாவின் கணவர் அப்புத்துரை கிராணியார் அவருடைய உயிர்ச் சிநேகிதர். அதனால் மனைவி புலம்பலை அவர் கண்ணீரோடுதான் எழுதியிருந்தார்.

"மற்றதெல்லாம் இருக்கட்டும் அண்ணை. இதில மட்டும் மனைவி எண்டு வேண்டாம். தாலி, குங்குமம் எண்டு வாற அடிகளையும் மாத்திவிடுங்கோ."

"சனம் என்ன சொல்லும் தங்கச்சி?"

அழுவது இன்னார் என்று சொல்லாமலே அழுவதற்குத் தமிழில் ஒரு சொல் கிடையாதா என்று நல்லம்மா கேட்டாள்.

"இருக்கு. கையறுநிலை" என்றார் அவர், வேண்டாவெறுப்பாக. பற்றுக்கோடாக இருந்தவர் போனபின், செய்வதறியாமல் நிற்கிற நிலை அது. இறந்தவரை நம்பியிருந்த யாரும் பாடலாம், உறவுமுறை சொல்லவேண்டியதில்லை என்று விளக்கினார்.

"அப்ப அதையே போடுங்கோ."

பிரேதத்தின் பக்கத்தில்கூட அவள் வாய்விட்டு அழவில்லை. இப்போது பெண்சாதி என்ற பெயரும் கசக்கிறதாக்கும் என்று அவர் நினைத்தார். நினைத்ததோடு நிற்காமல், தெரிந்தவர்கள் நாலுபேரிடம் சொல்லியும் வைத்தார்.

அந்தியேட்டியன்று பந்தியில் அதுதான் பேச்சு. நல்லம்மாவின் காதில் விழட்டும் என்றே சிலர் பேசினார்கள். அவள் தலைநிமிரவில்லை.

எல்லாரும் போனபிறகு, சரமகவியில் ஒரு பிரதியை மடித்து விநாசித்தம்பியிடம் கொடுத்தாள். பாலிக் புலாவில், சாதிக்காய்த் தோட்டத்தில் வேலைசெய்கிற தனலெட்சுமியிடம் இதைச் சேர்ப்பிக்க முடியுமா என்று கேட்டாள்.

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. சனிக்கிழமைகளில் கந்தோரில் எழுத்துவேலை முடிந்ததும் அப்புத்துரை பாலிக் புலாவுக்கு யாரிடம் போய்வந்தார் என்பது அவருக்குத் தெரியும். நல்லம்மாவுக்குத் தெரியாது என்றுதான் இத்தனை வருஷமும் வாயை மூடிக்கொண்டு இருந்தார்.

"பிரேதம் எடுத்த அண்டைக்கு அவ வாசல் படலையடியில வந்து நிண்டவ. நான் யன்னலால பாத்துக்கொண்டுதான் இருந்தனான். உள்ளுக்கு வா எண்டு கூப்பிடேல்லை" என்றாள் நல்லம்மா.

விநாசித்தம்பியால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"அவவுக்கு வாசிக்கத் தெரியும் அண்ணை. மனைவி எண்டு போட்டிருந்தால், அவ எப்பிடி அதை வாசிச்சு அழுகிறது?"