அவுட்பாக்ஸில் எட்டுக் கடிதங்கள்

"இந்த மனுஷனுக்குக் கல்நெஞ்சும்மா. இல்லேன்னா, ரெண்டு மாசமா மெயில் போகலைன்னு தெரிஞ்சும் இப்படிப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருப்பாரா?"

இன்டர்நெட் கம்பெனியிலிருந்து பழுது பார்க்க வந்த பெண் தோள் பையைக்கூட இன்னும் இறக்கவில்லை. அதற்குள் அந்தம்மா ஆரம்பித்துவிட்டார்.

கம்ப்யூட்டர் முன்னால் இருந்த கணவர் எழுந்து நாற்காலியைக் கொடுத்தார்.

"கம்ப்ளெய்ன்ட் குடுத்தது நீங்கதானே சார்?"

"இவரா? நல்லா குடுப்பார்! மாடி வீட்டுக்காரரும்மா. நான் இவரைத் திட்டறது மேல வரைக்கும் கேட்டுக் கேட்டு, பாவம், அவரே போன் பண்ணிட்டார்."

பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு திரையைப் பார்த்தாள். வருகிற மெயில்கள் ஒழுங்காக வந்துகொண்டிருந்தன. போக வேண்டியவை மட்டும் அவுட்பாக்ஸில் தேங்கிக் கிடந்தன. மொத்தம் எட்டு. எட்டும் ஒரே முகவரிக்கு.

"எங்க பொண்ணு," என்றார் அந்தம்மா. "இவரோட சண்டை போட்டுட்டு வீட்டை விட்டுப் போனவ. போன் நம்பரையும் மாத்திட்டா. மிச்சம் இருக்கிறது இந்த மெயில் ஒண்ணுதான். எனக்குக் கை நடுக்கம், டைப் பண்ண முடியாது. ஞாயித்துக்கிழமையானா நான் சொல்லச் சொல்ல இவர் ஒத்தை விரல்ல தட்டுவார். பழைய கனெக்ஷன் நல்லாத்தானே இருந்தது? யாரைக் கேட்டு மாத்தினார்?"

"சின்ன விஷயம்தாம்மா. மெயிலை வெளியே அனுப்பற சர்வர்னு பழைய கம்பெனி பேரே இருக்கு. அவங்களை விட்டுட்டு வந்தப்புறம் நம்ம மெயிலை அவங்க அனுப்புவாங்களா? எங்க பேரைப் போட்டா முடிஞ்சது."

"கேட்டீங்களா? முடிஞ்சதாம்! இதுக்கு ரெண்டு மாசம்!"

நொடித்துக்கொண்டு காபி போட உள்ளே போனார்.

பெண் புதிய பெயரை அடித்தாள். "ஓகே குடுத்தா எட்டும் கிளம்பிடும் சார்."

அவர் கை சட்டென்று மவுஸை மூடியது.

"வேண்டாம்மா."

அவளுக்குச் சுருக்கென்றது. "உங்க கோபத்துக்கு அவங்க என்ன சார் பண்ணுவாங்க? பெத்தவங்க எழுதினது. போகட்டுமே."

அவர் 'ஃப்ரிட்ஜ் வாரண்டி' என்றிருந்த ஃபோல்டரைத் திறந்தார். உள்ளே ஒரே ஒரு மெயில். இணைப்பை மாற்றுவதற்கு முந்தைய வாரம் வந்தது.

'அப்பா, அம்மாவோட லெட்டரை இனிமே அனுப்பாதீங்க. நான் திறந்துகூடப் பார்க்கிறதில்லை. நீங்க ரெண்டு பேருமே எனக்கு வேண்டாம்.'

பெண் இரண்டு முறை படித்தாள்.

"தினம் சாயங்காலம் 'பதில் வந்துதா'ன்னு கேப்பா," அவர் குரல் அடுப்படிக்கு எட்டாமல் தணிந்திருந்தது. "இல்லைன்னு சொன்னா தட்டுல கை வைக்க மாட்டா. கனெக்ஷன் மாத்தினதும் மெயில் போகலை. 'போகவே இல்லையா? அப்ப என் பொண்ணு மேல தப்பில்லை'ன்னா. அன்னிக்குத்தாம்மா வயிறு நிறைய சாப்பிட்டா. அதுலேர்ந்து திட்டெல்லாம் எனக்குத்தான். இருந்துட்டுப் போகட்டும்."

உள்ளே டம்ளர் சத்தம் கேட்டது.

பெண் 'கேன்சல்' அழுத்தினாள். பழைய பெயர் திரும்ப வந்து உட்கார்ந்தது.

"அம்மா, இது இப்போதைக்கு ஆகாது போலிருக்கு," என்று காபியை வாங்கிக்கொண்டாள். "கோளாறு எங்க பக்கம்தான்."

"நல்ல கம்பெனி! தேடிப் பிடிச்சார் பாரு, தேடி!"

கணவர் தலையைக் குனிந்து அத்தனையும் வாங்கிக்கொண்டார். கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது அந்த முகம்.

வாசல் கேட் வரைக்கும் அந்தம்மா கூடவே வந்தார். வீட்டைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"உங்க கம்பெனியிலேர்ந்து வேற யாரையும் அனுப்பிடாதேம்மா. மாடி வீட்டுக்காரர்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

"ஏம்மா?"

"சரியாயிடுச்சுன்னா, பதில் வரலைன்னு தினம் அவர் வாயால சொல்லணும். அந்த முகத்தை என்னால பார்க்க முடியலை. நான் திட்டிட்டே இருந்தாத்தான் எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நினைச்சுப்பார்."

"அப்ப அந்த ஃபோல்டர்..." என்று இழுத்தாள் பெண்.

"நடுங்கறது கைதாம்மா," என்றார் அந்தம்மா. "படிக்கிறதுக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு."