குதிகாலில் எடுத்த ரத்தம்

“பையன் ரத்தத்தைத் திருப்பிக் குடுத்துருங்க” என்றாள் தாராபுரத்திலிருந்து வந்த ரெபேக்கா.

ஆய்வக அலுவலர் சண்முகப்ரியாவுக்கு அலுத்துவிட்டது. நோய்ச் சோதனைக்காகப் பிறந்த குழந்தைகளின் குதிகாலில் குத்தி எடுத்த ரத்தத்தை அரசாங்கம் அட்டையில் சேமித்து வைத்திருப்பது பேப்பரில் வந்ததிலிருந்து, பெற்றவர்கள் தினமும் வந்து சண்டை போட்டார்கள்.

“கேக்காம எடுத்தது தப்புதானுங்க. ஆனா, டிஎன்ஏ பத்திரமா இருக்குதுங்க. யாருக்கும் குடுக்க மாட்டோம்.”

“எனக்குக் குடுங்க.”

குரலில் கோபம்கூட இல்லை.

“பையன் பெரியவனாகி அவனே வந்து கேட்டாத்தான் குடுப்போமுங்க. அதான் ரூல்ஸ்.”

“அமராவதி ஆத்து வெள்ளத்துல போனவன் கிடைக்கவே இல்லீங்க. நாளைக்கு அடக்கம். பெட்டியில வெக்க, அவன் உடம்புன்னு வேற ஒண்ணும் இல்லீங்க.”

சண்முகப்ரியா எழுந்துவிட்டாள்.

“கேக்காம எடுத்ததே நல்லதாப் போச்சுங்க. கேட்டிருந்தா, அன்னைக்குக் குத்தவே உட்டிருக்க மாட்டேன்” என்றாள் ரெபேக்கா.