முன்னால் போகிறவள்

உருமிச் சத்தம் ஏறிக்கொண்டே போனது. யாருக்கும் சாமி வரவில்லை.

தவசி அண்ணன் கருப்பசாமி கல்லைப் பார்த்து அடிக்கிறார், எங்களைப் பார்த்து அடிக்கிறார். அந்தக் குளிரிலும் அவருக்கு வேர்த்துக் கொட்டுகிறது.

குரங்கணியிலிருந்து வரும் ஜீப்பு அந்தக் கல்லோடு நின்றுவிடும். அதற்கு மேல் ஏலத் தோட்டத்துக்கு நடைதான். காய் எடுப்பு தொடங்கும் முதல் நாள், பாதையோரத்துக் கருப்பசாமிக்கு உருமி அடிப்போம். எங்களோடு காய் எடுக்கிற கருத்தம்மாளுக்குச் சாமி வரும்.

"பயப்படாதீங்கடி, நான் முன்னால போறேன்" என்று சாமி சொல்லும். அவள் முன்னால் ஏற, நாங்கள் பின்னால் ஏறுவோம்.

சாமியாடும்போது துண்டை அவள் இடுப்பில் சுற்றி, விழாமல் பின்னாலிருந்து இழுத்துப் பிடிப்பது நான். பெயர்தான் மகாராணி. கல்யாணமாகி வந்ததிலிருந்து எனக்கு வாய்த்த உத்தியோகம் இதுதான்.

போன மாசம் அவளை மகன் திருப்பூருக்குக் கூட்டிப் போய்விட்டான். போடி பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியே என் கையைப் பிடித்துக்கொண்டு, "இனி யாரைடி புடிப்ப?" என்று சிரித்தாள். நான் அழுதுவிட்டேன்.

இந்த வருசம் பார்த்து மேல்தோட்டத்துக்கு யானை வந்துபோயிருக்கிறது. மலையைத் தாண்டிப் போய்விட்டது என்கிறார் காவல்காரர். யார் நம்புவது? சாமி உத்தரவு இல்லாமல் ஏறமாட்டோம் என்று எல்லோரும் கூடையைக் கீழே வைத்துவிட்டார்கள். ஏறாவிட்டால் எஸ்டேட்டில் வேறு ஆள் இறக்கிவிடுவார்கள். பள்ளிக்கூடம் திறந்திருக்கிற நேரம். ஒரு வீட்டிலும் கூலி இல்லாமல் தள்ள முடியாது.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இத்தனை வருசம் பிடித்தவளுக்குக் கொஞ்சமாவது ஒட்டியிருக்காதா என்று.

கண்ணை மூடினேன். வா கருப்பா என்றேன். முழங்கால் வலிதான் வந்தது.

மூடிய கண்ணுக்குள் கருத்தம்மாள் நின்றாள்.

ஒரு விஷயம் என் கைக்கு மட்டும் தெரியும். ஆரம்ப வருசங்களில் அவளைப் பிடித்து நிறுத்தவே முடியாது. உடம்பு அனலாகக் கொதிக்கும், என்னையும் சேர்த்து இழுக்கும். அப்புறம் வந்த வருசங்களில் அப்படி இல்லை. ஆடுவாள், கத்துவாள். ஆனால் துண்டுக்குள் உடம்பு, ரேஷன் கடை வரிசையில் நிற்கிறவள் மாதிரி சாதாரணமாக இருக்கும். அவளும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

இருந்தும் சொன்னபடி முன்னால் போனாள். ஒவ்வொரு வருசமும் போனாள்.

சாமி வந்து முன்னால் போவது பெரிய காரியமா? எல்லாவற்றையும் சாமி பார்த்துக்கொள்ளும். இவள் சாமி வராமலே போனாளே! எங்கள் அத்தனை பேர் பயத்தையும் ஒருத்தி முதுகில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறாள். பக்கத்திலேயே இருந்தவரை உறைக்காதது, அவள் போன பிறகு உறைத்தது. அழுகையும் வந்தது, பெருமையாகவும் இருந்தது.

கண்ணைத் திறந்தேன். ஆடவில்லை, கத்தவில்லை.

"நான் முன்னால போறேன், வாங்க" என்றேன், கடைத்தெருவுக்குக் கூப்பிடுகிற குரலில்.

உருமி நின்றது. முத்துப்பிரியா, எங்களில் சின்னவள், துண்டை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"சாமியாக்கா?"

"தெரியலடி. கூடையை எடுத்துக்கிட்டு வெரசா வா."

பாதையில் கால் வைத்தேன். பின்னால் ஒருத்தி குலவை போட்டாள். அப்புறம் எல்லோரும் போட்டார்கள்.

முதல் வளைவு வரைக்கும் ஒன்றுமில்லை. திரும்பியதும் பின்னால் வருகிறவர்கள் மறைந்துபோனார்கள். எதிரே மேகமூட்டமும் ஏலச்செடியும்தான்.

அங்கேதான் உடம்பு தூக்கிப்போட்டது. உள்ளங்காலிலிருந்து உச்சி வரைக்கும் ஒரு கொதிப்பு. பயம்தானோ என்று பார்த்தேன். பயந்தால் கால் பின்வாங்கும். என் கால் அதுபாட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன். நாங்கள் துண்டைக் கல்லடியிலேயே அவிழ்த்துவிடுவோம். இந்த இடத்தில் கருத்தம்மாளை யாரும் பிடித்துப் பார்த்ததில்லை.

மலை இறங்கியதும் முதல் வேலையாகத் திருப்பூருக்குப் போன் போடணும். உனக்கும் இந்த வளைவில்தானாடி என்று கேட்கணும்.