ஈரச் சாக்கு

சந்தைக்குப் போகிற டெம்போவில் கடைசியாக ஏற்றிய சரக்குதான் முதலில் இறங்கும். முதலில் இறங்குவதற்குத்தான் நல்ல விலை. கொஞ்ச நாளாகப் பக்கத்துக் காட்டுக் கருணாம்பாளின் கொத்தமல்லியே கடைசியாக ஏறிக்கொண்டிருந்தது. நல்லசாமிக்கு வயிறு எரிந்தது. அன்று டெம்போ வந்து நின்றதும் அவர் தன் கட்டுகளைத் தொடாமல், வேட்டியை அவிழ்த்துக் கட்டியபடி நின்றார்.

“நீ ஏத்து அம்மிணி, நான் அப்புறம் ஏத்திக்கறேன்.”

“மூத்தவங்க நீங்க நிக்கறப்ப நான் முந்துனா நல்லாவா இருக்கும்? நீங்க ஏத்துங்க மாமா.”

டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்தான். “உங்க மரியாதை முடியறதுக்குள்ள சந்தையே முடிஞ்சுருமுங்க” என்று வண்டியைக் கிளப்பிக்கொண்டு போயே விட்டான்.

அடுத்த வண்டி மதியம்தான். கருணாம்பாள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனாள். வெயில் ஏற ஏற நல்லசாமியின் கொத்தமல்லி தலை தொங்கிப்போனது. அதில்கூட அவருக்குப் பெரிய வருத்தமில்லை, அவளுடையதும் தொங்கியிருக்குமே. எழுந்துபோய், அவள் கட்டுகளின்மேல் போர்த்தியிருந்த ஈரச் சாக்கைத் தூக்கிப் பார்த்தார். அப்போதுதான் பிடுங்கியதுபோல் ஒவ்வொரு தழையும் நிமிர்ந்து நின்றது.

நல்லசாமி சுற்றுமுற்றும் பார்த்தார். சாக்கை மெல்ல உருவினார். அதைத் தன் கட்டுகளின்மேல் போர்த்த வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. வேலிக்குக் கொண்டுபோய், சுருக்கமில்லாமல் விரித்து, காயப்போட்டார்.