மூச்சைப் பிடிக்க வைத்தவள்

சிடி ஸ்கேன் அறையிலிருந்து வந்தவரின் முகத்தில் புது மாப்பிள்ளைக் களை. வெளியே காத்திருந்த மனைவி பதற்றமாக எழுந்தாள்.

"இருமினீங்களா?"

"ஒரு தடவைகூட இல்ல. உள்ள ஒரு பொண்ணு, 'மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கோங்க'ன்னு சொன்னா பாரு, தேன். அப்படியே பிடிச்சுக்கிட்டேன்."

"போன தடவை வேற ஆஸ்பத்திரியில இருமி இருமிப் படத்தையே கெடுத்தீங்களே."

"அங்க ஒரு ஆம்பளைக் குரல். அதட்டுச்சு."

"இந்த வயசுல தேன் கேக்குதோ? 'மாத்திரையப் போடுங்க'ன்னு நான் கத்துறது மட்டும் காதுல ஏறாது."

"நீயே சொல்லிட்டியே, கத்துறேன்னு."

அவருக்குப் பல வருட நுரையீரல் நோய். நுரையீரலுக்குப் போகும் ரத்தக்குழாய் அழுத்தத்தில் வீங்கியிருந்தால், மகளின் கைக்குழந்தையைப் பார்க்க விமானம் ஏற முடியாது.

புதிதாக வந்திருந்த டாக்டர் சிரித்தபடி வந்தார். "குழாய் வீங்கல. இதயத்துக்கு எடுத்த எக்கோவும் நல்லா இருக்கு. தாராளமா பறக்கலாம். படம் துளிகூட ஆடல சார், எப்படி?"

டெக்னீஷியன் தலையை நீட்டினார். "மெஷின்ல பேசுற குரல் இந்த அம்மாவோடதுதான் டாக்டர். இவங்க இங்க வேலைக்குச் சேர்ந்த புதுசுல பதிவு பண்ணது. மெஷின் எத்தனையோ மாறிடுச்சு, குரலை மட்டும் நாங்க மாத்தல."

டாக்டர் வியந்தார். "அப்போ தினமும் வீட்டுல கேக்குற குரல்தானே சார்?"

மனைவியிடமிருந்து ஓரடி தள்ளி நின்றுகொண்டு அவர் சொன்னார்:

"இல்ல டாக்டர். இது கல்யாணத்துக்கு முன்னாடி பேசினது."